பட்டணமும் பார்த்தோம், பல்கலைக்கழகமும் பார்த்தோம்

(தோட்ட மண்டபத்தில் நடைபெற்ற பெற்றோர் கூட்டத்தில், மாணவர் சுற்றுலாவுக்குத் தலைமை தாங்கிச் சென்ற இடைநிலைப்பள்ளி ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



நாளைக் காலையும் பெரட்டு உண்டு என்பதை நான் மறக்கவில்லை. இருட்டோடு எழுந்து பால்மரக் காட்டுக்குப் போக வேண்டியவர்களை நெடுநேரம் உட்கார வைப்பது நியாயமன்று. ஆயினும், என்னை நம்பி உங்கள் பிள்ளைகளை இரண்டு நாள் வெளியூருக்கு அனுப்பினீர்கள். அவர்களைப் பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவந்து சேர்த்துவிட்டால் மட்டும் என் பொறுப்பு முடிந்துவிடாது. அவர்கள் எங்கே போனார்கள், எதைப் பார்த்தார்கள், அதனால் விளைந்த பயன் என்ன என்பதையும் உங்களிடம் ஒப்புவிக்க வேண்டும். வரவு செலவுக் கணக்கைப் பெற்றோர் ஆசிரியர் சங்கச் செயலாளர் சற்று முன் வாசித்தார். நான் சொல்லப்போவது வேறு வகைக் கணக்கு.

தாயார் ஒருவர் கேட்ட கேள்வி

கடந்த பள்ளி விடுமுறையில் நான்காம் படிவமும் ஐந்தாம் படிவமும் பயிலும் 38 மாணவர்களைக் கோலாலம்பூருக்கு அழைத்துச் செல்லத் தீர்மானித்தோம். ஆளுக்கு 40 வெள்ளி. எஞ்சிய செலவைக் கோயில் குழுவினரும் சங்கமும் ஏற்றுக்கொண்டனர். பணம் திரட்ட ஒவ்வொரு வீடாக நான் வந்தபோது, இங்கே அமர்ந்திருக்கும் தாயார் ஒருவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். அவர் பெயரை நான் சொல்லப் போவதில்லை. அவருடைய மகள் வகுப்பில் நன்றாகப் படிக்கும் பெண்.

"வாத்தியாரையா, பட்டணத்தைப் பார்த்தால் பிள்ளைக்கு ஆசை வரும். பெரிய கல்லூரியைப் பார்த்தால் இன்னும் பெரிய ஆசை வரும். அந்த ஆசையை நிறைவேற்ற எங்களிடம் என்ன இருக்கிறது? பாராமல் இருந்தால் ஏக்கமாவது இல்லாமல் இருக்கும் அல்லவா?" என்றார் அவர்.

அன்று எனக்கு உடனே பதில் சொல்ல வரவில்லை. அது பணத்தைக் கொடுக்க மனமில்லாதவர் சொன்ன சாக்கன்று. பிள்ளை ஏமாந்து வாடுவதைக் காணப் பொறுக்காத ஒரு தாயின் அச்சம். "அம்மா, இந்தக் கேள்விக்குப் போய்வந்து பதில் சொல்கிறேன், மகளை அனுப்புங்கள்" என்று மட்டும் கேட்டுக்கொண்டேன். அவர் அனுப்பினார். அந்தப் பதிலைத்தான் இன்று உங்கள் எல்லாருக்கும் முன்பாகச் சொல்ல வந்திருக்கிறேன்.

விடியுமுன் புறப்பட்டோம்

புறப்பட்ட அன்று விடியற்காலை 4 மணிக்கே பிள்ளைகள் கோயில் வாசலில் கூடிவிட்டார்கள். பேருந்து தோட்டத்துச் சாலையில் திரும்பியபோது, தலையில் விளக்குகளைக் கட்டிக்கொண்டு உங்களில் சிலர் காட்டுக்குள் நடந்துகொண்டிருந்தீர்கள். சன்னல் ஓரத்தில் இருந்த ஒரு பையன், "அதோ எங்கள் அப்பா" என்றான். உடனே எல்லாப் பிள்ளைகளும் அந்தப் பக்கம் வந்து எட்டிப் பார்த்தார்கள். விளக்கு ஒன்று நின்று, பேருந்தை நோக்கித் திரும்பிப் பின் மரங்களுக்குள் மறைந்தது. சிறிது நேரம் பேருந்துக்குள் ஒருவரும் பேசவில்லை. அந்தக் காட்சியோடுதான் எங்கள் சுற்றுலா தொடங்கிற்று.

நம்மில் பலருக்குக் கோலாலம்பூர் என்றால் பத்துமலைதான். தைப்பூசத்துக்குப் போவோம், காவடி பார்ப்போம், திரும்பிவிடுவோம். "இந்தச் சுற்றுலாவில் பத்துமலையை ஏன் சேர்க்கவில்லை?" என்று சிலர் கேட்டார்கள். அங்குள்ள 272 படிகளையும் நம் பிள்ளைகள் பலமுறை ஏறியிருக்கிறார்கள். அவர்கள் இதுவரை ஏறாத படிகளைக் காட்டுவதே எங்கள் நோக்கமாக இருந்தது.

முதலில் மெர்டேக்கா சதுக்கத்தில் இறங்கினோம். 1957ஆம் ஆண்டு ஆகஸ்டு 30ஆம் நாள் நள்ளிரவில் ஆங்கிலேயரின் கொடி இறக்கப்பட்டு நம் நாட்டுக் கொடி ஏற்றப்பட்ட திடல் அது. எதிரே 1897ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட சுல்தான் அப்துல் சமாட் கட்டடம் மணிக்கூண்டுடன் நிற்கிறது. சற்றுத் தள்ளி, கிள்ளான் ஆறும் கோம்பாக் ஆறும் கலக்கும் முனையில் 1909ஆம் ஆண்டில் எழுந்த ஜாமெக் பள்ளிவாசல் இருக்கிறது. ஏறத்தாழ 1857ஆம் ஆண்டில் ஈயம் தேடி வந்தவர்கள் படகை விட்டு இறங்கிய சேற்று முனைதான் பின்னர் இவ்வளவு பெரிய நகரமாயிற்று என்பதை அங்கே நின்றுகொண்டே பிள்ளைகளுக்கு எடுத்துச் சொன்னோம். பாடப்புத்தகத்தில் அரைப் பக்கமாக இருந்த செய்தி, கண்ணெதிரே ஆறாகவும் கல்லாகவும் நின்றபோது அவர்கள் மனத்தில் நன்றாகப் பதிந்தது.

ரப்பரின் கதை

அடுத்துத் தேசிய அரும்பொருளகத்துக்குச் சென்றோம். 1963ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட அந்தக் கட்டடத்தின் முகப்பில் இருபுறமும் பெரிய சுவரோவியங்கள் நம் நாட்டு வரலாற்றையும் கைத்தொழில்களையும் காட்டுகின்றன. பழைய கருவிகள், நாணயங்கள், ஆடைகள், படகுகள் எனப் பலவற்றையும் பிள்ளைகள் பார்த்தார்கள். ஈயத்தையும் ரப்பரையும் பற்றிப் பேச்சு வந்ததும் நின்றுவிட்டார்கள். இது தங்கள் வீட்டுக் கதையல்லவா!

நாம் நாள்தோறும் தொடும் மரத்தின் வரலாற்றை நம்மிற் பலர் அறியோம். 1877ஆம் ஆண்டில் 22 ரப்பர்க் கன்றுகள் சிங்கப்பூர்த் தாவரப் பூங்காவுக்கு வந்து சேர்ந்தன. அவற்றுட் சில பேராக் மாநிலத்திலுள்ள கோலகங்சாரில் நடப்பட்டன. 1888ஆம் ஆண்டில் அந்தப் பூங்காவின் பொறுப்பை ஏற்க வந்த ரிட்லி என்பவர், மரத்தைக் கொல்லாமல் பட்டையை மட்டும் மெல்லியதாகச் சீவித் திரும்பத் திரும்பப் பால் எடுக்கும் முறையை ஆராய்ந்து கண்டார். ரப்பரை நடுங்கள் என்று தோட்ட முதலாளிகளிடம் அவர் ஓயாமல் வற்புறுத்தியதால், அவரைப் பித்தர் என்று கேலி செய்தார்கள். கேலி செய்தவர்களும் பின்னர் ரப்பரையே நட்டார்கள்.

1925ஆம் ஆண்டில் நம் நாட்டில் ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் தோன்றிற்று. 1998ஆம் ஆண்டில் அது மலேசிய ரப்பர் வாரியத்தின் அங்கமாயிற்று. உங்களுக்கு நன்கு அறிமுகமான 'ஆர்.ஆர்.ஐ.எம். 600' மரம் அந்தக் கழகம் தந்ததுதான். டிஜிர் 1, பி.பி. 86 என்னும் இரண்டு இனங்களை இணைத்து, கன்றுகளை வளர்த்து, ஒவ்வொன்றின் பாலையும் ஆண்டுக்கணக்கில் அளந்து, அவற்றிலிருந்து தேர்ந்தெடுத்த இனம் அது. மரத்தைக் காயப்படுத்தாமல் சீவும் திறமை உங்கள் கையில் இருக்கிறது. மரத்தின் குணத்தை ஆராயும் படிப்பு இன்னொருவர் கையில் இருந்தது. இரண்டும் சேர்ந்தே இந்தத் தொழில் வளர்ந்தது. "அந்த இரண்டாவது கையும் ஏன் நம் தோட்டத்துப் பிள்ளையின் கையாக இருக்கக்கூடாது?" என்று நான் அங்கே அவர்களைக் கேட்டேன்.

பத்து வெள்ளியின் வலிமை

பகல் உணவை பிரிக்ஃபீல்ட்ஸில் வாழையிலையில் உண்டோம். முற்காலத்தில் நகரத்துக் கட்டடங்களுக்குச் செங்கல் அறுத்துச் சூளையிட்ட இடமாதலால் அதற்கு அப்பெயர் வந்தது. உண்டு முடித்து நடந்தபோது, ஒரு மாணவி தெருப்பலகையைப் படித்து, "துன் சம்பந்தன் சாலை என்றிருக்கிறதே, அவர் யார்?" என்று கேட்டாள். அங்கே நிழலில் நின்று அந்தக் கதையைச் சொன்னேன். மூத்தவர்களாகிய உங்களிற் சிலருக்கு அது நினைவிருக்கும்.

நாடு சுதந்திரமடைந்த காலத்தில் வெள்ளைக்கார முதலாளிகள் பலர் தோட்டங்களை விற்றுவிட்டுப் புறப்பட்டார்கள். வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாக்கி விற்றார்கள். தொழிலாளர் வேலையையும் இழந்தார்கள். குடியிருந்த லயத்து வீட்டையும் இழந்தார்கள். அப்போது அமைச்சராக இருந்த துன் வீ. தி. சம்பந்தன் தோட்டம் தோட்டமாகச் சென்று, பத்துப் பத்து வெள்ளியாகச் சேருங்கள், நாமே தோட்டங்களை வாங்குவோம் என்று கேட்டுக்கொண்டார். 1960ஆம் ஆண்டில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. தொழிலாளரின் சேமிப்பு தோட்டங்களுக்கு விலையாயிற்று. பத்து வெள்ளி தனியே இருந்தால் ஒரு வாரத்துக் காய்கறிக்கும் போதாது. ஆயிரம் ஆயிரம் கைகளின் பத்து வெள்ளி ஒன்று சேர்ந்தபோது தோட்டத்தையே வாங்கிற்று. பிள்ளைகள் இதைக் கேட்டு வியந்தார்கள். தங்கள் பாட்டன் பாட்டிமார் இப்படியும் ஒரு காரியம் செய்தவர்கள் என்று அவர்களிடம் இதுவரை ஒருவரும் சொல்லவில்லை போலும்.

அங்கிருந்து இலகு ரயிலில் ஏறினோம். இங்கே ஒரு சிறு குழப்பம் நேர்ந்ததையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நாங்கள் ஏறியவுடன் கதவு மூடிக்கொண்டது. இரண்டு மாணவர்கள் மேடையிலேயே நின்றுவிட்டார்கள். எனக்கு வியர்த்துவிட்டது. ஆனால் அவர்கள் அழவும் இல்லை, அங்குமிங்கும் ஓடவும் இல்லை. இறங்க வேண்டிய நிலையத்தின் பெயரைப் பலகையில் பார்த்து, அடுத்த வண்டியில் ஏறி, சரியான இடத்தில் வந்து இறங்கினார்கள். அந்த ஐந்து நிமிடத்தில் அவர்கள் கற்ற துணிவை என்னால் வகுப்பறையில் ஐந்து மாதத்திலும் கற்பித்திருக்க முடியாது.

மாலையில் இரட்டைக் கோபுரத்தின் அடியில் நின்றோம். 88 மாடிகள், 452 மீட்டர் உயரம். இன்று அதனைவிட உயரமான 118 மாடிக் கட்டடமும் அந்நகரில் எழுந்துவிட்டது. சுதந்திரப் பிரகடனம் வாசிக்கப்பட்ட மெர்டேக்கா விளையாட்டரங்கத்துக்கு அருகில் அது நிற்கிறது. விளக்குகள் ஏற்றப்பட்டதும் பிள்ளைகள் படம் எடுத்துக்கொண்டார்கள். எல்லாரும் எத்தனை மாடி, எவ்வளவு செலவு என்று கேட்டுக்கொண்டிருக்கையில், காலையில் தன் தந்தையின் விளக்கைக் காட்டிய அதே பையன், "ஐயா, இதைக் கட்டியவர்கள் எங்கே படித்தார்கள்?" என்று கேட்டான். "நாளைக் காலையில் காட்டுகிறேன்" என்றேன். இரவு ஒரு மண்டபத்தில் பாய் விரித்துப் படுத்தோம்.

அறிவுக் காட்டில்

மறுநாள் அதே ரயில் பாதையில் சென்று பல்கலைக்கழக நிலையத்தில் இறங்கினோம். இரட்டைக் கோபுரத்தையும் பல்கலைக்கழகத்தையும் ஒரே ரயில் பாதை இணைக்கிறது என்பதைப் பிள்ளைகள் கவனிக்கத் தவறவில்லை.

மலாயாப் பல்கலைக்கழகம் 1949ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் தொடங்கப்பெற்றது. கோலாலம்பூரிலிருந்த அதன் பிரிவு 1962ஆம் ஆண்டில் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. மருத்துவம், பொறியியல், சட்டம், அறிவியல், கலை எனப் பல துறைகளும் அங்கே உள்ளன. பிள்ளைகள் முதலில் வாயிலிலேயே தயங்கி நின்றார்கள். சீருடையைச் சரிசெய்துகொண்டார்கள். "உள்ளே போகலாமா, ஐயா?" என்று மெதுவாகக் கேட்டார்கள். அவர்கள் கேட்ட குரல் எனக்குப் பழக்கமான குரல். பால் வெட்டுத் தொழிலாளியின் மகனாகிய நானும் ஒரு காலத்தில் இப்படித்தான் ஒரு கல்லூரி வாயிலில் நின்றேன்.

அவர்களை நேராக 'ரிம்பா இல்மு' என்னும் தாவரப் பூங்காவுக்கு அழைத்துச் சென்றேன். மலாய்மொழியில் அதற்கு அறிவுக் காடு என்று பொருள். 1974ஆம் ஆண்டில் ஆராய்ச்சிக்காக ஏற்படுத்தப்பட்ட அந்தப் பூங்கா இருக்கும் நிலம், முன்னொரு காலத்தில் ரப்பர்த் தோட்டமாக இருந்தது. பழைய ரப்பர் மரங்கள் அங்கே இன்னும் நிற்கின்றன. பிள்ளைகள் மற்ற மரங்களின் பெயர்ப்பலகைகளைப் படித்துக்கொண்டு வந்தார்கள். ரப்பர் மரத்தைக் கண்டதும் பெயர்ப்பலகையைத் தேடவில்லை. ஒரு பையன் அருகில் போய்ப் பட்டையைத் தடவிப் பார்த்து, "எங்கள் மரம்" என்றான். அதன் பிறகு அவர்களுடைய நடையில் தயக்கம் இல்லை. நம்மைப் போன்றவர்கள் என்றோ உளி பிடித்து நடந்த நிலத்தில்தான் இன்று விஞ்ஞானிகள் ஏடு பிடித்து நடக்கிறார்கள். அந்த இடம் நமக்கு அந்நியமானதன்று.

அடுத்து இந்திய ஆய்வியல் துறையைப் பற்றிக் கேட்டறிந்தோம். 1956ஆம் ஆண்டில் அத்துறை தொடங்கியபோது பல்கலைக்கழகம் சிங்கப்பூரில் இருந்தது. அத்துறையில் தமிழ் தனக்குரிய இடத்தைப் பெறவேண்டும் என்று, 'தமிழ் முரசு' இதழின் ஆசிரியர் கோ. சாரங்கபாணி அரும்பாடுபட்டார். 'தமிழ் எங்கள் உயிர்' என்ற பெயரில் நிதி திரட்டினார். வணிகர் மட்டுமல்லர், தோட்டப்புறங்களில் பால் வெட்டியவர்களும் தங்களால் இயன்ற சிறு தொகையை அனுப்பினார்கள். அந்நிதி பல்கலைக்கழகத்தில் தமிழ் நூல்களைச் சேர்க்க உதவிற்று. பின்னர்த் துறை கோலாலம்பூருக்கு வந்தது. தனிநாயக அடிகளார் அதன் தலைவராக இருந்த காலத்தில், 1966ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் முதலாவது உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடு கோலாலம்பூரில் நடைபெற்றது.

தாய்மார்களே, பெரியோர்களே, இதைச் சற்று எண்ணிப் பாருங்கள். அன்று பணம் கொடுத்த பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அந்த நூல்களை அவர்கள் ஒருநாளும் கையில் எடுத்துப் புரட்டப் போவதில்லை என்பது அவர்களுக்கே தெரியும். தங்கள் பிள்ளைகளாவது அங்கே போவார்கள் என்பதற்கும் உறுதி இல்லை. இருந்தும் கொடுத்தார்கள். என் பாட்டனார் அவர்களுள் ஒருவரா என்று நான் அறியேன். ஆனால் எந்தத் தோட்டத்துப் பிள்ளை அந்த நூல்நிலையத்துக்குள் நுழைந்தாலும், தன் பாட்டன் வீட்டுக்குள் நுழைவது போல நிமிர்ந்து நுழையலாம் என்பதை மட்டும் அறிவேன்.

ஒரு தந்தை சொன்ன சொல்

அன்று நண்பகலில் பொறியியல் இறுதியாண்டு பயிலும் ஒரு மாணவி நம் பிள்ளைகளுடன் ஒரு மணி நேரம் அமர்ந்து பேசினார். ஜொகூர் மாநிலத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்தவர். தந்தையார் முன்பு பால் வெட்டியவர். இப்போது செம்பனை அறுவடை செய்பவர். அந்தப் பெண் பெருமை பேசவில்லை. முதல் மாதத்தில் தினமும் அழுததாகச் சொன்னார். ஆங்கிலத்தில் விரிவுரை புரியாமல் தவித்ததாகவும், முதல் பருவத்தேர்வில் ஒரு பாடத்தில் தோற்றதாகவும் சொன்னார். பிறகு நூல்நிலையத்தில் இருந்து படித்து, அதே பாடத்தை மீண்டும் எழுதித் தேறியதாகச் சொன்னார்.

கேள்வி கேட்ட தாயாரின் மகள் எழுந்து, "அக்கா, உங்களை அனுப்ப வீட்டில் எப்படிச் சம்மதித்தார்கள்?" என்று கேட்டாள்.

அதற்கு அந்தப் பெண் சொன்னார்: "அப்பா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார், எத்தனை ஆண்டு என்று. நான்கு ஆண்டு என்றேன். சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, 'கன்றை நட்டு முதல் பால் எடுக்க ஆறு வருடம் காத்திருந்து பழகியவன் நான். நான்கு வருடம் எனக்குப் பெரிதில்லை, போய்வா' என்றார்."

இதைக் கேட்டபோது பிள்ளைகளைவிட என் மனமே அதிகம் நெகிழ்ந்தது. உண்மைதானே! கன்று நட்ட மறுநாளே மங்கைக் கட்டுவோர் உண்டா? களையெடுக்கிறோம், உரமிடுகிறோம், ஐந்தாறு ஆண்டுகள் ஒரு சொட்டுப் பால்கூடத் தராத மரத்தைக் காக்கிறோம். பொறுமையைத் தோட்டத்துத் தொழிலாளிக்கு யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. அந்தப் பொறுமையைப் பிள்ளையின் படிப்பிலும் காட்ட வேண்டும் என்பதே என் வேண்டுதல்.

வழிகள் பல

எல்லாப் பிள்ளைகளும் பல்கலைக்கழகம் போய்விடுவார்கள் என்று நான் பொய் நம்பிக்கை ஊட்ட மாட்டேன். இடங்கள் குறைவு, போட்டி மிகுதி. ஆனால் எஸ்.பி.எம். தேர்வோடு படிப்பு முடிந்துவிடுகிறது என்று எண்ணுவது அதைவிடப் பெரிய தவறு. அதற்குப் பின்னும் வழிகள் பல இருக்கின்றன.

ஆறாம் படிவத்தில் சேர்ந்து எஸ்.டி.பி.எம். எழுதலாம். அரசாங்கப் பள்ளியிலேயே படிப்பதால் செலவு மிகக் குறைவு. மெட்ரிகுலேஷன் கல்லூரிக்கு விண்ணப்பிக்கலாம். ஆசிரியராக விரும்புவோருக்கு ஆசிரியர் கல்விக் கழகங்கள் உண்டு. கையால் செய்யும் தொழிலில் நாட்டமுள்ளவர்களுக்குப் பாலிடெக்னிக்குகள் இருக்கின்றன. 1969ஆம் ஆண்டில் ஈப்போவில் முதலாவது தொடங்கப்பட்டது. இன்று பல மாநிலங்களிலும் உள்ளன. சமூகக் கல்லூரிகளும் திறன் பயிற்சி நிலையங்களும் உண்டு. மின்சாரம், இயந்திரம், வாகனம் பழுதுபார்த்தல், சமையற்கலை எனப் பல தொழில்களுக்கும் சான்றிதழுடன் பயிற்சி கிடைக்கிறது. சான்றிதழ் உள்ள கைக்கும் இல்லாத கைக்கும் ஊதியத்தில் உள்ள வேறுபாட்டை நீங்களே அறிவீர்கள். உயர்கல்விக்குப் பணம் இல்லாதோருக்கு, 1997ஆம் ஆண்டில் அரசாங்கம் ஏற்படுத்திய தேசிய உயர்கல்வி நிதிக் கழகம் கடன் தருகிறது. அது இனாம் அன்று, திருப்பிச் செலுத்த வேண்டிய கடன் என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

இவை எல்லாவற்றுக்கும் அடிப்படை எஸ்.பி.எம். தேர்ச்சி. மலாய்மொழியிலும் வரலாற்றிலும் தேர்ச்சி பெறாவிட்டால், மற்றப் பாடங்களில் எத்தனை சிறப்பு இருந்தாலும் சான்றிதழ் கிடைக்காது. இதைப் பிள்ளைகளுக்கு அடிக்கடி நினைவூட்டுங்கள்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்

உங்களிடம் நான் கேட்பவை நான்கே காரியங்கள்.

முதலாவது, இரவு 7 மணி முதல் 9 மணி வரை வீட்டில் தொலைக்காட்சியை அணைத்து வையுங்கள். கைப்பேசியையும் பிள்ளையின் கையிலிருந்து வாங்கி வையுங்கள். லயத்து வீட்டில் தனி அறை இல்லாமற் போகலாம். இரண்டு மணி நேர அமைதியை எந்த வீட்டிலும் கொடுக்க முடியும்.

இரண்டாவது, பிறப்புப் பத்திரம், அடையாள அட்டை, தேர்வுச் சான்றிதழ் ஆகியவற்றை ஒரே உறையில் பத்திரப்படுத்துங்கள். 12 வயது நிரம்பிய பிள்ளைக்கு அடையாள அட்டை எடுத்தாக வேண்டும். பெயரெழுத்திலோ பதிவிலோ பிழை இருந்தால் இன்றே திருத்தப் புறப்படுங்கள். விண்ணப்பம் செய்யும் வாரத்தில் ஓடினால் காலம் போதாது.

மூன்றாவது, விண்ணப்ப முடிவு நாளைத் தவறவிடாதீர்கள். இப்போது விண்ணப்பங்கள் பெரும்பாலும் இணையத்தின் வழியே செய்யப்படுகின்றன. நன்றாகத் தேறியும், நாள் கடந்துவிட்டதால் இடத்தை இழந்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். அந்த வருத்தம் நம் தோட்டத்தில் இனி நேரக்கூடாது. எஸ்.பி.எம். முடிவு வந்த வாரம் முதல் ஒவ்வொரு மாலையும் இந்த மண்டபத்தில் கணினியுடன் நானும் மற்ற ஆசிரியர்களும் இருப்போம். பிள்ளையை மட்டும் அனுப்பாமல் நீங்களும் உடன் வாருங்கள்.

நான்காவது, ஐந்தாம் படிவம் முடிந்த கையோடு தொழிற்சாலைப் பேருந்தில் ஏற்றி அனுப்பிவிடாதீர்கள். முதல் மாதச் சம்பளம் இனிக்கும் என்பது உண்மை. குடும்பத்தின் நெருக்கடியும் எனக்குத் தெரியும். தேர்வு முடிவு வரும் வரை வேலைக்குப் போகட்டும். முடிவு வந்தபின் ஒருமுறை என்னிடம் வந்து பேசாமல் படிப்பை நிறுத்திவிட வேண்டாம் என்றுதான் கேட்கிறேன்.

தாயாரின் கேள்விக்குப் பதில்

இனி, தொடக்கத்தில் சொன்ன கேள்விக்கு வருகிறேன். பார்த்தால் ஆசை வரும் என்றார் அந்தத் தாயார். அவர் சொன்னது முற்றிலும் உண்மை. 38 பிள்ளைகளுக்கும் ஆசை வந்துவிட்டது. திரும்பி வரும் வழியில் பேருந்தில் பாட்டும் கூத்தும் இருக்கும் என்று எதிர்பார்த்தேன். அவர்களோ, எந்தப் படிப்புக்கு எந்தப் பாடம் வேண்டும், எத்தனை புள்ளி வேண்டும் என்று சிரம்பான் வரும் வரை என்னைத் துளைத்து எடுத்துவிட்டார்கள்.

பாராதவனுக்கு ஏக்கம் இல்லை என்று நாம் எண்ணுகிறோம். ஆனால் பாராத பிள்ளைக்கும் ஆசை உண்டு. அதற்குப் பெயர் சொல்ல மட்டும் தெரியாது. பார்த்துவந்த பிள்ளைக்கு ஆசையின் பெயரும் தெரியும், அங்கே போகும் வழியும் தெரியும், அந்த வழியில் தான் கடக்க வேண்டிய தேர்வும் தெரியும். முழுவதும் நிறைவேறாமற் போனாலும், அந்த வழியில் நடந்த தூரம் அவனுக்கு இலாபமே. படிக்கத் தெரியாத நம் முன்னோர், தாம் காணாத நூல்நிலையத்துக்குப் பணம் அனுப்பினார்களே, அவர்களும் ஆசைப்பட்டவர்கள்தாம். அவர்கள் ஆசைப்பட அஞ்சியிருந்தால் நான் இன்று உங்கள் முன் ஆசிரியனாக நின்று பேசியிருக்க முடியாது.

சென்ற வாரம் அந்தத் தாயார் பால் நிறுக்குமிடத்திலிருந்து நேரே பள்ளிக்கு வந்தார். வேலை உடுப்பைக்கூட மாற்றவில்லை. "வாத்தியாரையா, மெட்ரிகுலேஷனுக்கு எப்போது எழுதிப் போட வேண்டும்?" என்று கேட்டார். "முடிவு நாள் தெரிந்தவுடன் நானே வீட்டுக்கு வந்து சொல்கிறேன்" என்று வாக்களித்திருக்கிறேன். மகளுக்குத் தேர்வு இன்னும் எழுத வேண்டியிருக்கிறது. முடிவு எப்படி வரும் என்று எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. ஆயினும் கன்று நடப்பட்டுவிட்டது.

அடுத்த ஆண்டும் இப்படியொரு பயணம் போக எண்ணியிருக்கிறோம். அதில் பெற்றோருக்கும் பத்து இடங்கள் ஒதுக்க வேண்டும் என்று சங்கத்தைக் கேட்டுக்கொள்கிறேன். நீங்களும் வந்து பாருங்கள். பத்துமலையின் 272 படிகளைப் பலமுறை ஏறிய கால்களுக்குப் பல்கலைக்கழகத்தின் படிகள் அவ்வளவு கடினமாக இருக்கமாட்டா.